காபித் தண்ணீருக்கு மூன்று நிமிடம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் காலை நேர அவசரத்துக்கான சமையல் குறிப்புகள் வந்திருந்தன. அதில் ஒன்று: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவ் ஓவனில் மூன்று நிமிடம் வைத்து எடுத்து, உடனே காபித்தூளும் சர்க்கரையும் போட்டுக் கலக்கினால் காபி தயார். படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். முழுவதும் போட இடமில்லை என்றால் அந்த டம்ளர் தண்ணீர் பற்றிய பகுதியை மட்டுமாவது போடுங்கள்.

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். இருபத்துமூன்று வருடமாக மிக்ஸி, கிரைண்டர், ஓவன் ரிப்பேர் செய்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வீட்டுச் சமையலறைக்குள் போய் வருகிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதிலிருந்து கதிர் வருமாமே, கேன்சர் வருமாமே, உண்மையா?" இதைக் கேட்டுவிட்டு, அதே கையால் ஃப்ரிட்ஜ் மேல் உயரத்தில் வைத்திருக்கிற ஓவனிலிருந்து கொதிக்கிற ரசத்தை எக்கி எடுப்பார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லை என்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை.

கதிரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவனுக்குள் இருப்பது ரேடியோ அலை போன்ற ஓர் அலை. எக்ஸ்ரே மாதிரி உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கிற சக்தி அதற்குக் கிடையாது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு வலை தெரியும் பாருங்கள், அதன் ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு கடுகு அளவுதான். கடுகு நுழைகிற ஓட்டையில் தேங்காய் நுழையுமா? அப்படித்தான் இதுவும். கதவைத் திறந்த நொடியில் ஸ்விட்ச் விழுந்து அலை நின்றுவிடும். உணவுக்குள் எதுவும் தங்குவதும் இல்லை. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குகிறதா என்ன?

ஆனால் இதற்கெல்லாம் கதவு நேராக இருக்க வேண்டும். கதவு வளைந்து, கொண்டி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஓட்டுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் தொங்குவார்கள், சிலர் திறந்த கதவின் மேல் கனமான பாத்திரத்தை இறக்கி வைப்பார்கள். கீல் தளர்ந்துபோவது இதனால்தான்.

இப்போது என் அக்கா கதைக்கு வருகிறேன். அக்கா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு புதுக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஓவனில் வைத்திருக்கிறார். அதற்குள் மகளிடமிருந்து போன். பேசி முடித்து வந்தால் தண்ணீர் ஆறியிருந்தது. மறுபடி இரண்டு நிமிடம் வைத்தார். கதவைத் திறந்து பார்த்தால் ஒரு குமிழி இல்லை, ஆவிகூட பெரிதாக இல்லை. 'இன்னும் கொதிக்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டே டம்ளரைக் கையில் எடுத்து, ஒரு ஸ்பூன் காபித்தூளைப் போட்டிருக்கிறார். போட்ட நொடியில் டம்ளரில் இருந்த அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் மேலே எகிறியது. வலது கை மணிக்கட்டு முழுவதும், மோவாய், கழுத்தில் ஒரு பக்கம். டம்ளர் உடையவில்லை. கையில் காலி டம்ளர் மட்டும் இருந்தது என்றார்.

மாமா எனக்குப் போன் செய்தார். "மாப்ள, நீ வாங்கிக் குடுத்த மிஷின் வெடிச்சிடுச்சுடா" என்றார். ஓடினேன். மிஷினைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. வெடித்தது மிஷின் இல்லை, தண்ணீர்.

இது ஏன் நடக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பில் தண்ணீர் வைத்தால் பாத்திரத்தின் அடியிலிருந்து சூடேறும். அடியில் கீறல், சொரசொரப்பு எல்லாம் இருக்கும். அந்த இடங்களில் குமிழி பிறந்து மேலே வரும், நமக்குக் கொதிப்பது தெரியும். ஓவனில் அப்படி இல்லை. தண்ணீரே நேரடியாகச் சூடாகிறது. வழவழவென்ற புதுக் கண்ணாடியில் குமிழி பிறக்க இடமே கிடையாது. அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அப்படியே நிற்கும். ஒருமுறை சுடவைத்து ஆறிய தண்ணீர் என்றால் இன்னும் மோசம், அதில் கரைந்திருந்த காற்றும் முன்பே வெளியேறியிருக்கும். இந்த நிலையில் ஒரு ஸ்பூன் தூளோ சர்க்கரையோ விழுந்தால் போதும், ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் குமிழி கிளம்பும். டம்ளரை மேடையில் கொஞ்சம் வேகமாக வைத்தாலே எகிறும்.

தங்கள் குறிப்பில் மூன்று நிமிடம் என்று இருந்தது. 800 வாட்ஸ் ஓவனில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர், ஒன்றேகால் நிமிடத்திலேயே கொதிநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு நொடியும் ஆபத்துக்குத்தான். என்ன செய்யலாம்? ஒரு நிமிடம் மட்டும் வையுங்கள். காபித்தூளையும் சர்க்கரையையும் வைப்பதற்கு முன்பே போட்டுக் கலக்கிவிடுங்கள். வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஒரு மரக்குச்சியைத் தண்ணீருக்குள் நிற்க வைத்து சூடாக்குங்கள். ஐஸ்கிரீம் குச்சி போதும். குமிழி பிறக்க அந்தக் குச்சியில் இடம் இருக்கும். மணி அடித்த பிறகு ஒரு நிமிடம் கதவைத் திறக்காமல் விடுங்கள். முகத்தை டம்ளருக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

அக்காவின் கைக்குப் பக்கத்து வீட்டு அம்மா நல்ல எண்ணத்தில்தான் இட்லி மாவை அள்ளிப் பூசியிருந்தார். நான் போகும்போது அது காய்ந்து தோலோடு ஒட்டிப்போயிருந்தது. மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போது அக்கா துடித்ததை நான் மறக்கவே முடியாது. சுட்ட இடத்தில் மாவு, இங்க், பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் முழுசாக இருபது நிமிடம் காட்ட வேண்டும். வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம், கண், குழந்தைகள் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த இருபது நிமிடக் கணக்கை அன்று அந்த மருத்துவர் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் ஒரு கதை சொல்வார். அமெரிக்காவில் ரேதியான் என்ற கம்பெனியில் ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்பவர்தான் 1945 வாக்கில் இந்த ஓவனுக்கு வழி கண்டவர். சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியதைப் பார்த்து யோசித்து, அடுத்துச் சோளத்தைப் பொரித்தார், அதற்கடுத்து ஒரு முட்டையை வைத்தார், முட்டை வெடித்துப் பக்கத்தில் இருந்தவர் முகத்தில் அடித்தது என்பார். முட்டை இன்றைக்கும் அதே முட்டைதான். ஓட்டோடு வைத்தால் வெடிக்கும் என்று பலருக்குத் தெரியும். ஓடு உரித்த அவித்த முட்டையும் வெடிக்கும் என்பதுதான் தெரியாது. நம் ஊரில் இது எங்கே வருகிறது என்றால், பார்சல் பிரியாணியில். பாதி சாப்பிட்டு மீதியை ராத்திரி சூடாக்கும்போது உள்ளே ஒரு முழு முட்டை புதைந்து கிடக்கும். மஞ்சள் கருவுக்குள் ஆவி அடைபட்டு நிற்கும். ஓவனுக்குள் வெடித்தால் துடைத்துக்கொள்ளலாம். தட்டில் எடுத்து வைத்து, கடித்த நேரத்தில் வெடித்தால் வாய் வெந்துபோகும். முட்டையைத் தனியே எடுத்து நாலாக வெட்டிவிட்டுச் சூடாக்குங்கள். அல்லது ஆறிய முட்டையாகவே சாப்பிடுங்கள்.

அதே பிரியாணி பார்சலை வெள்ளித்தாளோடு அப்படியே உள்ளே வைத்து, பொறி பறந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. எவர்சில்வர் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டும், ஸ்டேப்ளர் பின் அடித்த பொட்டலமும் உலோகம்தான் என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை. செய்தித்தாளில் கட்டிய பஜ்ஜி, வடைப் பொட்டலத்தையும் அப்படியே வைக்கிறார்கள். தாள் தீப்பிடிக்கும், மை உணவில் ஏறும். செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லியிருக்கிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. அது குழம்பு டப்பாவாகும், அப்புறம் மாவு டப்பாவாகும். அது குளிரில் இருப்பதற்காகச் செய்த டப்பா. எண்ணெய் மிதக்கிற வத்தக்குழம்பை அதில் ஊற்றி ஓவனில் வைத்தால் என்ன ஆகிறது தெரியுமா? தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும், எண்ணெய் அதற்கு மேலும் சூடேறும். அடுத்த முறை அப்படி ஒரு டப்பாவைக் கழுவும்போது எண்ணெய் நின்ற மட்டத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு வளையமாகச் சொரசொரப்பாக, பொரிந்து இருக்கும். அந்த இடத்தில் இருந்த பிளாஸ்டிக் எங்கே போயிருக்கும்? என் வீட்டில் இதைத் தடவிப் பார்த்த அன்றே எல்லா டப்பாவையும் ஒதுக்கிவிட்டேன். சால்னா, சாம்பார் வருகிற பாலித்தீன் கவரைச் சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்குவதும் இதே தப்புதான். மெலமைன் தட்டும் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரமோ சாதாரண பீங்கானோ நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியை உடனே வைக்காமல் கொஞ்ச நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

குழந்தைக்குப் பால் பாட்டிலை ஓவனில் சூடாக்குகிற வீடுகளில் நான் ரிப்பேரை நிறுத்திவிட்டுப் பேசுவேன். இந்த ஓவன் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்காது. அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாகப் போகும். ஓரிடம் கொதிக்கும், பக்கத்து இடம் ஜில்லென்று இருக்கும். பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு, உள்ளே நடுவில் பால் நாக்கைச் சுடும். குழந்தையால் 'சுடுகிறது' என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் குழந்தைப் பாலுக்கு மைக்ரோவேவ் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றிப் பாட்டிலை அதில் நிறுத்தினால் ஐந்து நிமிட வேலை. பெரிய பிள்ளைகளுக்கும் இது உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் மீந்த பூரணக் கொழுக்கட்டையைச் சூடாக்கினால் மேல் மாவு பதமாக இருக்கும், உள்ளே வெல்லப் பூரணம் நெருப்பாக இருக்கும். கொழுக்கட்டையை இரண்டாகப் பிட்டு, ஆறவைத்துக் கொடுங்கள்.

சரி, தொழில்காரனாக எனக்கு மிகவும் பயமான விஷயத்துக்கு வருகிறேன். ஓவன் மேல்மூடியை வீட்டில் கழற்றாதீர்கள். மிக்ஸியைக் கழற்றிச் சுத்தம் செய்த தைரியத்தில், வீடியோ பார்த்து ஓவனையும் கழற்றுகிற பையன்கள் அதிகமாகிவிட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்று நினைக்கிறார்கள். உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கிற ஒரு கெபாசிட்டர் இருக்கிறது, ஒரு சின்ன எண்ணெய் டின் மாதிரி. அதன் மேலேயே 2100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அலையை உண்டாக்குகிற மேக்னட்ரானுக்குப் போகிற வோல்டேஜ் சுமார் 4000. நம் வீட்டு கரண்ட் 230 தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அந்தப் பெரிய வோல்டேஜ் நிற்கும். தானாக இறங்குவதற்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அந்த ரெசிஸ்டர் போயிருந்தால்? வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னோடு தொழில் கற்ற நண்பர் ஒருவர் கெபாசிட்டரில் நிற்கிற கரண்டை இறக்கிவிட மறந்து கை வைத்துச் சுவரில் போய் விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். இரண்டு விரலில் இன்றுவரை உணர்ச்சி இல்லை. தொழில் தெரிந்தவருக்கே இது.

பியூஸ் போனால் கம்பி கட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கதவில் மூன்று ஸ்விட்ச் இருக்கும். முதல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் ஓவன் ஓடப் பார்த்தால், மூன்றாவது ஸ்விட்ச் வேண்டுமென்றே பியூஸை அடித்து மிஷினை நிறுத்திவிடும். அந்த பியூஸ் போயிருக்கிறது என்றால் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே செப்புக் கம்பியைக் கட்டிக் கொடுத்துவிட்டு நூறு ரூபாய் வாங்கிப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஓவனுக்குள் பொறி பறந்தால் எல்லோரும் மேக்னட்ரான் போய்விட்டது என்று பயப்படுவார்கள். பல வீடுகளில் காரணம் வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒட்டியிருக்கும் மைக்கா ஷீட். அதில் எண்ணெயும் குழம்பும் தெறித்துக் காய்ந்து, பிறகு கருகி, அந்தக் கரி பொறியாகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உள்ளே துடைத்தாலே போதும். அதைக் குப்பை அட்டை என்று நினைத்துப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. கருகிப்போனால் புதிதாக வெட்டி மாட்டிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. காலியாக ஓட்டாதீர்கள். அலையை வாங்கிக்கொள்ள உள்ளே உணவு இல்லாவிட்டால், அது திரும்பி மேக்னட்ரானையே அடிக்கும். ஓவனுக்குப் பின்னாலும் மேலேயும் காற்று போக இடம் விடுங்கள். மேலே துணியைப் போர்த்தி, அதன் மேல் பிரெட் பாக்கெட்டை அடுக்காதீர்கள். கரப்பான் பூச்சிக்கு அந்தச் சூடு பிடிக்கும், போர்டுக்குள் குடும்பமே நடத்தும்.

பிளக்கும் முக்கியம். 800 வாட்ஸ் என்பது உணவுக்குப் போகிற சக்தி. மிஷின் இழுப்பது 1200 வாட்ஸ் வரை இருக்கும், உள்ளே காற்றையும் சூடாக்கி கேக் சுடுகிற கன்வெக்‌ஷன் ஓவன் 2000க்கு மேலும் இழுக்கும். அதற்கு 16 ஆம்ப்ஸ் பெரிய பிளக், சரியான எர்த். டிவிக்குப் பக்கத்தில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் அந்த பாக்ஸ்தான் முதலில் உருகும்.

அப்பளம் சுட வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பளத்துக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் தாராளம். மூன்று நிமிடம் போட்டால் கரியாகிப் புகையும். தீயே பிடித்தாலும் கதவைத் திறக்காதீர்கள். காற்று கிடைக்காமல் அது தானாக அணையும். சுவரில் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். கைத்துணியை உலர்த்த உள்ளே வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓவன் வாங்குவது மகன், வீட்டுக்கு வந்து டெமோ காட்டுவது மருமகளுக்கு, பகல் முழுவதும் அதை உபயோகிப்பது வயதான அம்மாவும் வேலைக்கு வருகிற அக்காவும். நான் பார்த்த பெரும்பாலான ஓவன்களோடு வரும் புத்தகத்தில் தமிழ் இல்லை. பொத்தானில் உள்ள எழுத்தும் ஆங்கிலம். முதல் நாள் கேக் செய்த கன்வெக்‌ஷனிலேயே மறுநாள் பிளாஸ்டிக் டப்பாவை வைத்து உருக்கிய ஒரு பாட்டி என்னிடம் அழுதார். அவர் மேல் என்ன தப்பு? டெமோ காட்டும்போது அந்தப் பாட்டியையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுங்கள். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கதவில் ஒட்டிக் கொடுங்கள். நான் ரிப்பேர் செய்கிற ஓவன்களில் ஒரு வருடமாக ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

அக்காவின் கை ஆற இரண்டு மாதம் ஆனது. மணிக்கட்டில் தோல் இன்னும் நிறம் மாறித்தான் இருக்கிறது. மிஷினை விற்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேலிருந்து இறக்கி, இடுப்பு உயரத்தில் வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஆணியில் ஒரு டப்பா நிறைய ஐஸ்கிரீம் குச்சி தொங்குகிறது.

அந்தக் குறிப்பை எழுதியவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்திப் போடுங்கள்: தூளும் சர்க்கரையும் முதலில், ஒரு நிமிடம் மட்டும், எடுக்கும் முன் கொஞ்சம் பொறுக்கவும். காலையில் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓவன் மெக்கானிக்,
உறையூர், திருச்சி.